வண்டி தாமதமாகக் கிளம்புகிறதா? ஆளைக் குறை சொல்லும் முன் ரேக்கைப் பாருங்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு மொத்த விநியோகக் குடோன் என் பொறுப்பில் இருக்கிறது. மளிகை, சோப்பு, பிளாஸ்டிக் சாமான், கயிறு, தார்ப்பாய், பெயின்ட் என்று சுமார் 900 வகைச் சரக்கு. முதுநகர், பண்ருட்டி, நெய்வேலி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் என்று 5 லைன், அதாவது வண்டி போகும் 5 வழித்தடம். காலை 8 மணிக்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். கிளம்பாத நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, “ஆள் போதவில்லையா?” என்பதுதான். பெரும்பாலும் ஆள் போதும். சரக்குதான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

குடோனில் எந்தச் சரக்குக்கும் பட்டா கிடையாது. எல்லாம் வாடகைக்கு இருப்பவைதான். ஒரு நாளில் எத்தனை தடவை கை அதைத் தேடிப் போகிறதோ அதுதான் அது கட்டும் வாடகை. வாடகை குறைந்தால் வாசலோரத்துத் தட்டை விட்டு உள்ளே போக வேண்டும். இதை வருடத்துக்கு ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் கீழே உள்ள தொல்லைகள் எல்லாம் வருகின்றன.

உங்கள் குடோனில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை அந்தக் கணக்கின்மேல் நிற்கின்றன. கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, சாக்கட்டி, கைபேசிக் கடிகாரம், கடந்த 8 வாரத்துப் பில் விவரம்.

அறிகுறி 1: பில் கூடவில்லை, ஆள் குறையவில்லை, வண்டி மட்டும் தாமதமாகிறது

குடோனின் வரைபடத்தை ஒரு முழுத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வரிசைகளும் வாசலும் தெரிந்தால் போதும். பிறகு ஒரு பணியாளரின் பின்னாலேயே போய், அவர் 10 பில்லுக்குச் சரக்கு எடுத்து முடிக்கும் வரை, அவர் நடக்கும் தடத்தைப் பேனாவைத் தூக்காமல் வரையுங்கள்.

நான் வரைந்த முதல் தாளை எங்கள் மூத்த லோடுமேனிடம் காட்டினேன். “என்ன தம்பி, என் பேத்தி போட்ட சிக்குக் கோலம் மாதிரி இருக்கிறதே?” என்றார். கோலத்துக்காவது புள்ளி உண்டு. இந்தத் தடம் வாசலை ஒட்டிய எண்ணெய் டின் அடுக்கை ஒவ்வொரு முறையும் தொடாமல் சுற்றிக்கொண்டு, கடைக்கோடி வரிசைக்கு 7 தடவை போய்வந்திருந்தது. அங்கே இருந்தவை கொசுவத்திச் சுருளும் தீப்பெட்டியும்.

எண்ணெய் டின்னை வாசலில் வைத்தது யார் என்றால், நான்தான். அதிகம் விற்கும் சரக்கு என்று வைத்தேன். பலர் சறுக்கும் இடம் இதுதான். பில் போடும் மென்பொருளில் பொருள்வாரி விற்பனையைக் கேட்டால் அது ரூபாயையும் எண்ணிக்கையையும் தரும். எப்படிப் பார்த்தாலும் எண்ணெய்தான் மேலே நிற்கும். ஆனால் அதை வாங்குபவை நாலைந்து பெரிய கடைகளும் ஓட்டல்களும். ஒரு பில்லுக்கு 30 டின் என்றாலும் பேலட் (சரக்கை அடுக்கும் அடிப்பலகை) வண்டியில் ஏற்றி ஒரே நடையில் முடிந்துவிடும். கொசுவத்தியை 80 சின்னக் கடைகள் ஆளுக்கு ஒரு பெட்டி கேட்கின்றன. அங்கே 80 தடவை கை நீட்ட வேண்டும். நமக்கு வேண்டியது எத்தனை விற்றது என்ற கணக்கு அல்ல, எத்தனை பில்லில் வந்தது என்ற கணக்கு.

அதை எடுப்பது எளிது. வரிவரியான விற்பனைப் பதிவை எக்செலில் இறக்கி, பிவட் அட்டவணையில் பொருளின் பெயரை வரிசையில் போட்டு, மதிப்புப் பகுதியில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். எந்தச் சரக்கு எத்தனை பில் வரியில் வந்தது என்பது வந்துவிடும். அதைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால், முதல் 100, 150 வகைகளே பெரும்பாலான வரிகளை விழுங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டியதாகும். தண்ணீர் பாட்டில் கேஸ் அடிக்கடி எடுக்கப்படும் சரக்குதான். அதை வாசலில் வைத்தால் வாசலே போய்விடும். 1963இல் ஜேம்ஸ் ஹெஸ்கெட் என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் எளிய வகுத்தல் கணக்கைச் சொன்னார். ஒரு சரக்கு அடைத்துக்கொள்ளும் இடத்தை, அதை எடுக்கப் போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். விடை சிறியதாக இருக்கும் சரக்கு வாசலுக்கு அருகில். பெரியதாக இருப்பது உள்ளே.

எடுத்துக்காட்டாக, தண்ணீர் பாட்டிலுக்கு 120 கன அடி தேவை, ஒரு நாளில் 60 தடவை எடுக்கிறோம் என்றால் விடை 2. தீப்பெட்டிப் பண்டலுக்கு 4 கன அடி, 40 தடவை என்றால் விடை 0.1. எடுக்கும் தடவையை மட்டும் பார்த்தால் தண்ணீர் ஜெயிக்கும். ஆனால் தண்ணீரைத் தள்ளி வைத்தால் கிடைக்கும் இடத்தில் தீப்பெட்டி போல 30 சில்லறைச் சரக்கு உட்காரும். அந்த 30க்கும் நடை குறையும். 60 வருடத்துக்கு முந்தைய கணக்குதான், இன்றும் என் எக்செல் தாளில் இதுவே கடைசிப் பத்தி.

வரிசைப்படுத்தி முடித்ததும் 900 வகையையும் புரட்டிப் போடாதீர்கள். முதல் 40 சரக்கை மட்டும் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மறுபடி 10 பில்லுக்குத் தடம் வரையுங்கள். குறைந்த நடை கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் உங்கள் நோய் இது அல்ல. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 2: ஒழுங்குபடுத்தினோம், இரண்டு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி பழைய கதை

ரேக் மாறவில்லை. ஊர் மாறிவிட்டது. கடலூரில் சரக்கின் ஓட்டம் மாதத்துக்கு மாதம் தடம் மாறும். அதைக் கடலும் மழையும் கோயிலும் தீர்மானிக்கின்றன.

மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிகுப்பம் பக்கத்துக் கடைகளிலிருந்து பெயின்ட், பிரஷ், உப்புத்தாள், நைலான் கயிறு என்று பில் வரும். வருடத்தின் மற்ற மாதங்களில் பெயின்ட் எங்கள் குடோனில் தூங்கும் சரக்கு. அதே கடைகள் மளிகையில் கையைச் சுருக்கிக்கொள்ளும்: 1 லிட்டர் எண்ணெய் கேட்டவர்கள் 200 மில்லி பாக்கெட் கேட்பார்கள். வருமானம் நின்ற வீடுகள் அன்றன்றைக்கு வாங்குகின்றன. குடோனுக்கு இதன் பொருள், அதே எண்ணெய்க்கு ஒரு பெட்டி எடுத்த இடத்தில் நான்கு சின்னப் பெட்டிகள் எடுக்க வேண்டும். ஜூன் இரண்டாவது வாரத்தில் எல்லாம் தலைகீழாகும். படகில் ஏற்றும் அரிசி, பருப்பு, டீத்தூள், சர்க்கரை ஒரே வாரத்தில் பறக்கும். அதே ஜூனில் பள்ளியும் திறக்கும். நோட்டுப் புத்தகக் கட்டு வந்து நிற்கும்.

8 வாரத்து சராசரியை வைத்துக்கொண்டு ஜூன் 10ஆம் தேதி ரேக்கை அடுக்குபவர், முடிந்துபோன தடைக்காலத்துக்காக அடுக்குகிறார். நேற்றைய பேருந்துக்கு டிக்கெட் வாங்குவது போன்றது அது. சராசரி உங்களுக்கு நேற்றைச் சொல்லும். நாளையை அறியப் போன வருடத்தின் இதே பருவத்தைப் பார்க்க வேண்டும்.

இதே பருவம் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பொங்கல் சூரியக் கணக்கு. ஜனவரி 14, 15ஐ விட்டு நகராது. அதற்குப் போன வருடத் தேதியையே வைக்கலாம். தீபாவளி அமாவாசைக் கணக்கு. 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன அக்டோபரைப் பார்த்து இந்த அக்டோபரை அடுக்கினால், 2025இல் 11 நாள் தாமதம்; 2026இல் 19 நாள் முந்திக்கொண்டு வாசலை அடைத்துக்கொள்வீர்கள். அதனால் தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு 21 நாள் முன், 14 நாள் முன், 7 நாள் முன் என்று எண்ணுங்கள். திருக்கார்த்திகைக்கு அகலும் விளக்கெண்ணெயும், மாசி மகத்துக்குத் தண்ணீரும் காகிதக் குவளையும் இதே முறைதான். சிதம்பரம் லைனுக்கு ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் இரண்டு தனி முகடுகள். அந்த லைன் வண்டிக்காரரைக் கேட்டால் எக்செல் இல்லாமலே சொல்வார்.

பொங்கலைப் பற்றி ஒரு சொல். வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, ஏலக்காய், நெய் இவை ஆறும் ஒரே பில்லில் சேர்ந்து வருபவை. மார்கழி கடைசி இரண்டு வாரத்துக்கு இவற்றை ஒரே ரேக்கில் குடித்தனம் வைத்தால், ஆறு நடை ஒரு நடையாகும். தை பிறந்து நாலு நாளில் கூட்டுக் குடும்பத்தைக் கலைத்துவிடுங்கள்.

கணக்கைக் கெடுக்கும் வாரங்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அறிவிப்பு வந்ததிலிருந்து அமலான நாள் வரை கடைக்காரர்கள் எங்களிடம் சோப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரேயடியாக வாங்கினார்கள். அந்த வாரங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது சோப்பு தூங்கும் சரக்கு என்று எக்செல் சொன்னது. சொன்னதை நம்பி உள்ளே தள்ளியிருந்தால் தீபாவளி நேரத்தில் மாட்டிக்கொண்டிருப்போம். இப்படிப்பட்ட வாரங்களைக் கணக்கிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்து வாரங்களை வைத்துப் பாருங்கள். எந்த வாரத்தை ஏன் வெட்டினீர்கள் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கே மறந்துபோயிருக்கும்.

அறிகுறி 3: அடித்தட்டுச் சரக்கு நமத்துப்போகிறது, பெட்டி அடியில் ஈரம்

எந்தக் கிடங்குப் பாடத்திலும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுதான் பொன்னான தட்டு. குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். அதில் அடிக்கடி எடுக்கும் சரக்கு. பாரமான மூட்டையும் டின்னும் கீழே. மேலே தூங்கும் சரக்கு. ஒன்பது மாதத்துக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐப்பசி பிறந்ததும் கடலூரில் இந்தப் பாடத்தை ஒரு கை திருத்த வேண்டும். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மழை ஓய்ந்தது என்று மூச்சு விட்ட பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. வாசலுக்கு மிக அருகில் இருக்கும் கீழ்த்தட்டு, வருடம் முழுவதும் மிக நல்ல இடம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் கடைசி வரை மிக ஆபத்தான இடம். தண்ணீர் வரும் வழியும் அதே வாசல்தான்.

வெள்ளம் வராத வருடத்திலும் ஈரம் வரும். வெல்ல மண்டியிலிருந்து வரும் உருண்டை வெல்லம் அட்டைப் பெட்டியில் இருந்தால், கார்த்திகை மாதக் காற்றுக்கு அது வியர்க்கும். பெட்டியின் அடி மூலையில் முதலில் ஒரு பழுப்பு வட்டம் தெரியும், பத்து ரூபாய் நாணய அளவுக்கு. அடுத்த நாள் எறும்பு வரும். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கினால் அடி கையோடு வராது. அந்த வட்டத்தைப் பார்த்தவுடன் இடம் மாற்றிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது: அக்டோபர் முதல் ஞாயிறன்று கீழ்த்தட்டிலிருக்கும் உப்பு, சர்க்கரை, வெல்லம், சலவைத்தூள் நான்கையும் ஒரு தட்டு மேலே ஏற்றுங்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளி, குடம், பாட்டில் தண்ணீர் போன்று நனைந்தாலும் துடைத்துவிடக்கூடிய சரக்கை வையுங்கள். நடை கொஞ்சம் கூடும். கூடட்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பேலட்டின்மேல் வையுங்கள். பேலட்டுக்கும் சுவருக்கும் ஒரு முழம் இடைவெளி விடுங்கள்.

இதே நாளில் புயல் தட்டு என்று ஒன்றை வாசலருகே ஒதுக்கிவிடுகிறேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் செல், தார்ப்பாய், பால் பவுடர். வகுத்தல் கணக்குப்படி தார்ப்பாய்க்கு அந்த இடம் தகாது. ஆனால் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத ஊரில் மெழுகுவத்தி கேட்டு வந்த கடைக்காரர்களுக்கு, இருட்டுக் குடோனின் கடைக்கோடியில் துழாவித்தான் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எங்கள் மூத்த லோடுமேன் இன்றும் சொல்வார். சில இடங்களுக்கு வாடகை பார்க்கக் கூடாது.

அறிகுறி 4: எல்லாம் அருகில்தான் இருக்கிறது, ஆனால் ஆட்கள் ஒருவருக்கொருவர் காத்து நிற்கிறார்கள்

முதல் அறிகுறிக்கான வைத்தியத்தை அளவுக்கு மீறிச் செய்துவிட்டீர்கள். ஓடும் சரக்கு 40ஐயும் வாசலோர முதல் வரிசையிலேயே அடுக்கினால், 4 தள்ளுவண்டியும் அதே வரிசையில் முட்டிக்கொள்ளும். காலை 6:30க்கு மஞ்சக்குப்பம் மணிக்கூண்டுச் சந்திப்பு போல ஆகிவிடும் என்று சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் மணிக்கூண்டில்கூட இவ்வளவு நெரிசல் இல்லை.

ஓடும் சரக்கை 3 வரிசைகளின் வாய்ப்பகுதியில் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு ரேக் போதும். நடை சற்றே கூடி, காத்திருப்பு மறைந்துவிடும். மிக மிக ஓடும் இரண்டு மூன்று சரக்கு மட்டும் இரண்டு இடத்தில் இருக்கலாம். அதற்கு மேல் இரட்டை இடம் கொடுத்தால் இருப்புக் கணக்கு குழம்பும்.

அறிகுறி 5: எடுக்கப் போகும்போது தட்டு காலி, மேலிருந்து இறக்கியே பொழுது போகிறது

கைக்கு எட்டும் தட்டில் கொஞ்சம், மீதி மேல் அடுக்கில் அல்லது பின்பக்கம் என்று வைப்பது வழக்கம். தட்டு காலியானால் யாராவது ஏணி போட்டு இறக்கி நிரப்ப வேண்டும். எந்தச் சரக்குக்குத் தட்டில் எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்று சிலர் கொடுப்பார்கள். விற்பனைக்கு ஏற்ற விகிதத்தில் கொடுப்பதே நியாயம் என்று சிலர் வாதாடுவார்கள். இரண்டும் சமமாகத் தவறு என்பதுதான் வேடிக்கை.

தட்டில் மொத்தம் 60 கன அடி. மாதம் 400 கன அடி ஓடும் பிஸ்கட்டும், 100 கன அடி ஓடும் சேமியாவும் அதில் இருக்கின்றன என்று வையுங்கள். ஆளுக்கு 30 கொடுத்தால் பிஸ்கட்டை 13 தடவைக்கு மேல், சேமியாவை 3 தடவைக்கு மேல், மொத்தம் ஏறக்குறைய 17 தடவை நிரப்ப வேண்டும். விற்பனை விகிதப்படி 48, 12 என்று கொடுத்தால்? ஆளுக்கு 8 தடவைக்கு மேல், அதே 17. இப்போது 40, 20 கொடுத்துப் பாருங்கள். பிஸ்கட் 10, சேமியா 5, மொத்தம் 15.

சூத்திரம் என்று சொன்னால், ஓட்டத்தின் வர்க்கமூல விகிதத்தில் இடம் கொடுக்க வேண்டும். 400க்கு 20, 100க்கு 10. ஆக 2க்கு 1. நான்கு மடங்கு ஓடும் சரக்குக்கு இரண்டு மடங்கு இடம். எங்கள் பையன்களிடம் வர்க்கமூலம் என்று சொல்வதில்லை. “நாலுக்கு ரெண்டு, ஒன்பதுக்கு மூணு” என்று ரேக்கின் பக்கவாட்டில் சாக்கட்டியில் எழுதியிருக்கிறேன்.

பருவம் மாறும்போது இதையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இடம் மாறாமல் இடத்தின் அளவு மட்டும் மாறினாலே சில வாரங்களைச் சமாளித்துவிடலாம். தட்டில் ஒரு பிரிப்புப் பலகையை நகர்த்துவது, 80 பெட்டியை நகர்த்துவதைவிடச் சுலபம்.

அறிகுறி 6: தவறான சரக்கு போய்த் திரும்பி வருகிறது

அக்கம்பக்கத்தில் பாருங்கள். ஒரே நிறத்துச் சோப்பின் 75 கிராமும் 100 கிராமும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரே குடும்பத்துச் சரக்கைச் சேர்த்து வைப்பது கடைக்கு அழகு, குடோனுக்கு ஆபத்து. நடுவில் நிறம் மாறுபடும் வேறொரு சரக்கை நுழையுங்கள்.

திரும்பி வருவது இடமாற்றம் செய்த முதல் வாரத்தில் மட்டும் என்றால், காரணம் பழக்கம். பத்து வருடம் இடது பக்கம் திரும்பிய கால், சீட்டைப் பார்க்காமல் இடது பக்கமே திரும்பும். பழைய இடத்தில் “பிஸ்கட் 3-2-4க்குப் போய்விட்டது” என்று இரண்டு வாரம் தொங்கட்டும்: மூன்றாம் வரிசை, இரண்டாம் ரேக், நான்காம் தட்டு. பில்லிலும் அந்த எண் அச்சாக வேண்டும். கணினியில் இருக்கிறது, ரேக்கில் இல்லை என்ற புகாருக்கும் பாதிக் காரணம் இதுதான். சரக்கை நகர்த்தியவர் எண்ணை மாற்றியிருக்க மாட்டார். எண்ணை மாற்றாமல் பெட்டியைத் தொடக் கூடாது என்பது எங்கள் குடோனில் செருப்பைக் கழற்றாமல் பூஜை அறைக்குள் போகாதது போன்ற விதி.

அறிகுறி 7: இடம் மாற்றுவதே வேலையாகிவிட்டது

வகுத்தல் கணக்கைக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்கு இந்த நோய் வந்தது. வாராவாரம் ஞாயிறன்று எதையாவது நகர்த்துவேன். மூத்த லோடுமேன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஜாடியைப் போன வாரம்தானே இங்கிருந்து அங்கே கொண்டுபோனோம்?” என்றார். அந்த ஊறுகாய் ஜாடி ஒரு மாதத்தில் மூன்று வீடு மாறியிருந்தது.

நகர்த்தும் முன் கணக்குப் போடுங்கள். ஒரு சரக்கு வாசலுக்கு 25 மீட்டர் அருகில் வருகிறது. போய்வர 50 மீட்டர் மிச்சம். சரக்கோடு நடப்பவர் வினாடிக்கு 1 மீட்டர் போவதாக வைத்தால் 50 வினாடி. ஒரு நாளைக்கு 30 தடவை எடுத்தால் 25 நிமிடம் மிச்சம். அதற்காக உள்ளே தள்ளப்பட்ட சரக்கை ஒரு நாளைக்கு 6 தடவை எடுக்கிறோம் என்றால் அதில் 5 நிமிடம் நஷ்டம். நிகரம் 20 நிமிடம். நகர்த்த 2 பேருக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது 180 நிமிட உழைப்பு. ஆக, செலவழித்த உழைப்பு திரும்பி வர 9 நாள் ஆகும்.

தடைக்காலப் பெயின்ட் என்றால் 61 நாள் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தலாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக் கடைகள் கேட்கும் தண்ணீர் கேஸ் 3 நாள் விவகாரம்; ரேக்கைத் தொடாதீர்கள். வரும் லோடை இறக்கும்போதே ஒரு பேலட்டை வாசலோரத் தரையில் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் மீதியை உள்ளே தள்ளலாம்.

ஊசலாட்டத்தைத் தடுக்க இரண்டு எல்லை வைத்திருக்கிறேன். பில் வரிக் கணக்கில் முதல் 100க்குள் வந்த சரக்கு வாசல் பகுதிக்கு வரலாம். ஆனால் வந்தது 140க்குக் கீழே இறங்கினால்தான் வெளியேற்றுவேன். நூறுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவில் தத்தளிப்பவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரே ஒரு எல்லை வைத்தால், 99க்கும் 101க்கும் இடையில் ஏறி இறங்கும் சரக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும்.

நகர்த்தவே வேண்டும் என்றால் இரண்டு குறிப்பு. எப்போதும் இரண்டு இடத்தைக் காலியாக வைத்திருங்கள். சோப்பு தீப்பெட்டியின் இடத்துக்கு, தீப்பெட்டி பிஸ்கட்டின் இடத்துக்கு, பிஸ்கட் சோப்பின் இடத்துக்கு என்று மூன்று சரக்கு சுற்றி மாற வேண்டுமென்றால், காலி இடம் ஒன்று இருந்தால் 4 நகர்த்தலில் முடிந்துவிடும். இல்லையென்றால் எல்லாம் நடைபாதையில் இறங்கும், அன்றைக்கு மழையும் வரும். காலி ரேக்கைப் பார்த்து முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இன்னொன்று, முடிந்தால் நகர்த்தவே நகர்த்தாதீர்கள். பழைய இடத்தில் இருப்பது தீரட்டும். புதிதாக வரும் லோடைப் புதிய இடத்தில் இறக்குங்கள். எப்படியும் இறக்கித்தானே ஆக வேண்டும். வேகமாக ஓடும் சரக்கு நாலைந்து நாளில் தானே குடிபெயர்ந்துவிடும். காலாவதித் தேதி உள்ள சரக்கில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய இடம் தீரும் வரை புதிய இடத்தின் எண் பில்லில் அச்சாகக் கூடாது. இல்லையென்றால் புதுச் சரக்கு முதலில் போய், பழையது மூலையில் கிடந்து காலாவதியாகும்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால்

அப்படி ஒரு மாதம் எங்களுக்கும் இருந்தது. தடம் வரைந்தேன், சுருக்கமாகத்தான் இருந்தது. நெரிசல் இல்லை. தட்டு காலியாகவில்லை. வண்டி மட்டும் 9 மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் பில்லின் மூலையில் அச்சாகும் நேரத்தைப் பார்த்தேன். பண்ருட்டி லைன் பில்கள் எல்லாம் காலை 7:20க்கும் 7:50க்கும் இடையில் அச்சாகியிருந்தன. லைனில் ஆர்டர் எடுப்பவர் முந்தின நாள் மாலையே ஆர்டரை அனுப்பிவிடுகிறார். அலுவலகத்தில் காலையில் வந்து டீ குடித்துவிட்டுத்தான் பில் அடிக்கிறார்கள். அதுவரை 6 மணிக்கே வந்த ஆட்கள் பேலட்டின்மேல் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு 9 மணிக்குள் வந்த ஆர்டருக்கு அன்றிரவே பில் அடிப்பது என்று மாற்றினோம். அடுத்த திங்களன்று பண்ருட்டி வண்டி 8:10க்குக் கிளம்பியது. அந்த வாரம் ரேக்கிலிருந்து ஒரு பெட்டியைக்கூட நான் நகர்த்தவில்லை.